சாய்தளம் இருக்கிறது, ஏறத்தான் முடியவில்லை!

கேள்வி: எங்கள் ஊர்க் கல்யாண மண்டப வாசலில் மூன்று படி. பக்கத்திலேயே ஆறடி நீளத்துக்குச் சாய்தளமும் கட்டியிருக்கிறார்கள். ஆனாலும் அம்மாவின் சக்கர நாற்காலியை இரண்டு பேர் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது. எங்கே தப்பு? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: நீளத்தில்தான். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம், இதுதான் கணக்கு. மூன்று படி ஏறக்குறைய 18 அங்குலம். 18 அடி வேண்டும். ஆறடிக்குள் அடக்கினால் அது பைக் ஏற்றத்தான் ஆகும். ஏறும்போது எடை பின்பக்கம் சரிந்து, முன்சக்கரம் எழும்பி, நாற்காலி மல்லாந்துவிடும். இறங்கும்போது கால்மிதி தரையில் இடிக்கும்.

‘அவ்வளவு இடம் ஏது?’ என்பார் மேஸ்திரி. நேராகத்தான் போக வேண்டுமா என்ன? முன்சுவரை ஒட்டி 9 அடி, மூலையில் ஐந்துக்கு ஐந்தடி சமதளம், அங்கிருந்து பக்கச் சுவரோடு இன்னொரு 9 அடி. அகலம் 4 அடி, இருபுறமும் கைப்பிடி. மேலே கதவுக்கு முன்னாலும் ஐந்தடி சமதளம் விடச் சொல்லுங்கள். இல்லையென்றால் சரிவில் நின்றபடி கதவைத் திறக்க வேண்டிவரும். வழவழப்பான டைல்ஸ் வேண்டவே வேண்டாம். சிமென்ட் ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்கே இழுத்துவிட்டால் போதும், மழையிலும் வழுக்காது.

இத்தனையும் செய்துவிட்டு, முகூர்த்த நாளில் அதன் மேலேயே செருப்பைக் குவித்து வாழைமரத்தையும் கட்டிவிடுவார்கள். அதையும் கவனியுங்கள்.

அதுவரை படியில் ஏற்றுவதானால், நாற்காலியின் முதுகைப் படிப்பக்கம் திருப்பி, பின்சக்கரத்தைப் படியோடு ஒட்டவையுங்கள். ஒருவர் மேலே நின்று தள்ளுபிடியை இழுக்க, மற்றவர் கீழிருந்து முன்சட்டத்தைப் பிடித்து, ஒவ்வொரு படியாக உருட்டி ஏற்றலாம். கைதாங்கியையோ கால்மிதியையோ பிடித்துத் தூக்காதீர்கள். பல நாற்காலிகளில் அவை கழன்று கையோடு வந்துவிடும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், மக்கள் புழங்கும் தனியார் கட்டடமும் ‘பொதுக் கட்டடம்’தான். மண்டபக்காரர் அசையாவிட்டால், டேப்பை வைத்து அளவு தெரியும்படி படமெடுத்து மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதுங்கள்.

கேள்வி: ரயில் நடைமேடையின் மஞ்சள் டைல்ஸில் சிலதில் கோடு, சிலதில் புள்ளி. அழகுக்கா? (வாசகர், விருத்தாசலம்)

பதில்: பார்வையற்றவர்கள் கைத்தடியாலும் பாதத்தாலும் படிக்கும் எழுத்து அது. கோடு என்றால் அதன் போக்கிலேயே நடக்கலாம். புள்ளி என்றால் நில்: படியோ, திருப்பமோ, நடைமேடை விளிம்போ வருகிறது. அதன் மேல் பெட்டியை வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.