பட்டிப்பொங்கல் புக்கையும் சவாரி நாம்பனும்

கேள்வி: வட்டக்கச்சியில் மாட்டுவண்டிச் சவாரிப் போட்டிக்கென்று ஒரு சோடி நாம்பன் (இளங்காளை) வளர்க்கிறோம். போன பட்டிப்பொங்கலன்று ஒன்று புக்கையை (பொங்கற்சோற்றை) வயிறு முட்டத் தின்றது. மறுநாள் அசைபோடவில்லை, புளித்த வாடையோடு கழிந்தது. சவாரிக்கும் விட முடியவில்லை. இம்முறை புக்கை கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம், ஒரு அகப்பை. சிக்கல் பெரும்பாலும் வீட்டுக்காரர் வைக்கும் புக்கையால் வருவதில்லை. அயலவர் ஒரு பிடி, பிள்ளைகள் ஆளுக்கொரு வடை, பழம் என்று கொடுத்துக்கொண்டே போனால் பொழுதுபடுவதற்குள் ஒரு வாளி உள்ளே போய்விடும். அன்றைக்குப் பட்டியடியில் ஒருவர் நிற்கட்டும்.

வைக்கோலைச் செரிக்கும் நுண்ணுயிர்களே மாட்டின் முதல் இரைப்பையில் வாழ்கின்றன. வெந்த அரிசியும் சர்க்கரையும் திடீரென நிறைய வந்தால் வேறு நுண்ணுயிர்கள் பெருகி லக்டிக் அமிலத்தைச் சுரக்கும். இரைப்பை புளித்து, அசைவு நின்றுவிடும். இந்தோனேசியாவின் மதுரா தீவில் காரப்பான் சாப்பி என்ற காளையோட்டத்துக்கு முன் மாட்டுக்குப் பச்சை முட்டை பருக்குவார்கள். அதைப் பார்த்து நாமும் செய்ய வேண்டியதில்லை. தவிடு, புண்ணாக்கைக் கூட்டுவதென்றாலும் 10 முதல் 14 நாளில் கொஞ்சம் கொஞ்சமாகவே கூட்ட வேண்டும். பொங்கலன்று காலையில் முதலில் வைக்கோலைப் போடுங்கள். பசித்த மாடுதான் வாளியில் பாயும்.

கூடத் தின்றுவிட்டால், இடப்பக்கம் விலாவுக்குப் பின்னாலுள்ள குழியில் பொத்திய கையை அழுத்தி வைத்து 2 நிமிடம் பாருங்கள். நலமான மாட்டில் 2 முதல் 4 தடவை கை மேலே தள்ளப்படும். ஒன்றுமே தள்ளாவிட்டால் தவிடு, புக்கை எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கோலும் தண்ணீரும் மட்டும் வையுங்கள். அப்பச்சோடா 50 முதல் 100 கிராம் வரை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்துப் பருக்கலாம். அந்தக் குழி மத்தளம்போல் விம்மி நின்றால் காற்றுப் பிடித்திருக்கிறது. நல்லெண்ணெய் அல்லது தேங்காயெண்ணெய் 250 மில்லிலீற்றர் கொடுத்து, முன்னங்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்துங்கள், ஏப்பம் வரும்.

பருக்கும்போதுதான் பலர் மாட்டைக் கொல்கிறார்கள். தலையை அண்ணாத்திப் பிடித்து, நாக்கை இழுத்து ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குப் போகும். தலை முதுகு மட்டத்துக்கு மேல் போகக்கூடாது. கடைவாயோரம் பிளாஸ்ரிக் போத்தலைச் செருகி, விழுங்க விழுங்க ஊற்றுங்கள். இருமினால் உடனே தலையை விட்டுவிடுங்கள். தள்ளாடும், படுத்துக் கிடக்கும் மாட்டுக்கு எதையும் பருக்காமல் கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள். கத்தியால் குத்திக் காற்றெடுப்பது உங்கள் வேலையில்லை.

கழிச்சல் நின்றுவிட்டது என்று அந்தக் கிழமையே நுகத்தில் பூட்டாதீர்கள். அமிலம் குளம்பின் உட்புறத்தையும் தாக்கும், நொண்டல் சில நாள் கழித்தும் வரலாம். நான்கு குளம்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ, கல்நிலத்தில் காலை மாற்றி மாற்றி வைத்தாலோ இம்முறைச் சவாரியை விட்டுவிடுங்கள்.