மெமரி கார்டு படங்களுக்குப் பூட்டு: கேள்வி-பதில்

கே: போனில் பேட்டர்ன் லாக் போட்டிருக்கிறேன். கார்டில் உள்ள படங்களுக்கும் அதுவே காவல்தானே?

இல்லை. ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த போன்களில் உள் சேமிப்பகம் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டிருக்கும். அந்தக் காவல் கார்டுக்குக் கிடையாது. கார்டை உருவி ஒரு ரீடரில் செருகினால், பேட்டர்ன் எதுவும் கேட்காமல் எல்லாம் திறக்கும்.

கே: சாம்சங் போனில் கார்டை என்கிரிப்ட் செய்திருந்தேன். போன் மந்தமாக இருந்ததால் ஃபேக்டரி ரீசெட் அடித்தேன். இப்போது அதே போனில் போட்டாலும் கார்டில் எதுவும் திறக்கவில்லை. மீட்க வழி உண்டா?

கிடையாது. சாவி இருந்தது போனுக்குள். ரீசெட் அதை அழித்துவிட்டது. மீட்டுத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ரீசெட்டுக்கு முன் கார்டை டிக்ரிப்ட் செய்ய (பூட்டை நீக்கிப் பழையபடி மாற்ற) சொல்லும் எச்சரிக்கையைப் படிக்காமலே ஓகே அழுத்தியிருக்கிறீர்கள்.

மற்றவர்களுக்கு: முதலில் நகல். பிறகு பாதுகாப்பு அமைப்புகளுக்குள் போய் டிக்ரிப்ட் கொடுங்கள். கார்டு நிறைந்திருந்தால் மணிக்கணக்கில் ஓடும். சார்ஜரில் போட்டுவிடுங்கள், நடுவில் கார்டை உருவாதீர்கள். எல்லாம் திறக்கிறதா என்று கம்ப்யூட்டரில் பார்த்த பிறகே ரீசெட்.

ஆண்ட்ராய்டு 6-இல் வந்த, கார்டை ‘உள் சேமிப்பகமாக’ மாற்றும் வசதிக்கும் இதே கதிதான். அங்கும் சாவி போனில் மட்டுமே. போன் தண்ணீரில் விழுந்து செத்தால் கார்டும் செத்தது. மாற்றும்போதே கார்டு துடைக்கப்படும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கே: கேலரி லாக் செயலி ஒன்று வைத்திருக்கிறேன். ‘ராணுவத் தரப் பாதுகாப்பு’ என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. விளம்பர வாசகத்தை விடுங்கள், நீங்களே சோதித்துப் பாருங்கள். 2 ஜிபி வீடியோ ஒன்றைச் செயலிக்குள் தள்ளி நேரம் பாருங்கள். உண்மையான என்கிரிப்ஷன் என்றால் ஃபைல் முழுவதையும் படித்து, மாற்றி, திரும்ப எழுத வேண்டும். நொடிக்கு 30 எம்பி எழுதும் கார்டில் அதற்கே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். உங்கள் செயலி கண் இமைக்கும் நேரத்தில் ‘பூட்டியாச்சு’ என்றால், அது ஃபைலின் பெயரை மாற்றி வேறு ஃபோல்டருக்கு நகர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். மிஞ்சிப் போனால் தொடக்கத்தில் சில பைட்டுகளைக் கலைத்திருக்கும்.

அடுத்த சோதனை: கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டு, மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லுங்கள். புள்ளியில் தொடங்கும் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் நீட்டிப்பே (.jpg, .mp4 போன்ற வால்) இல்லாத ஃபைல்கள் இருக்கும். பெரிய ஃபைல் ஒன்றை விஎல்சி பிளேயருக்குள் இழுத்துப் போடுங்கள். வீடியோ ஓடினால் கதை முடிந்தது. படங்களை ஹெக்ஸ் எடிட்டரில் (ஃபைலின் பைட்டுகளை அப்படியே காட்டும் மென்பொருள்) திறந்து பாருங்கள். முதல் இரண்டு பைட் எஃப்எஃப் டி8 என்று இருந்தால், அது பூட்டப்படாத ஜேபெக் படம். பின் நம்பர் கேட்கும் திரை செயலியின் வாசலில்தான் நிற்கிறது. ஃபைல்களைச் சுற்றி எந்தச் சுவரும் இல்லை.

இதைவிட எரிச்சலூட்டுவது வேறொன்று. இத்தகைய செயலிகள் சிலவற்றை நீக்கினால் ஒளித்த படங்களும் கூடவே போய்விடும். ‘இடம் போதவில்லை என்று செயலியை நீக்கினேன், குடும்பப் படங்கள் எல்லாம் போச்சு’ என்ற கடிதத்துக்கு நான் என்ன பதில் எழுத? நீக்குவதற்கு முன் ஃபைல்களை வெளியே எடுங்கள். அதற்கும் முன், நகல்.

கே: அப்படியானால் எதைத்தான் பயன்படுத்துவது? சுமார் 8,000 படங்கள் இருக்கின்றன.

ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியாகப் பூட்டும் கிரிப்டோமேட்டர் மாதிரியான செயலி. கம்ப்யூட்டரில் வால்ட் (பூட்டிய ஃபைல்களை வைக்கும் ஃபோல்டர்) உருவாக்குங்கள்; அப்போது தரும் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி, கார்டு இல்லாத இடத்தில் வையுங்கள். வால்ட் ஃபோல்டரைக் கார்டுக்கு நகலெடுத்து, போன் செயலியில் உள்ளூர் சேமிப்பகமாகச் சேருங்கள். முதலில் 10 படம் போட்டு, பூட்டித் திறந்து பாருங்கள், பிறகு மிச்சம். வால்ட்டுக்குள் மாஸ்டர்கீ என்று ஒரு சின்ன ஃபைல் இருக்கும். குப்பை என்று நினைத்து அதை அழித்துவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.

வெராகிரிப்ட் போல எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடைக்கும் முறையைக் கார்டுக்கு நான் சொல்வதில்லை. அதற்கு அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு செயலி இல்லை. ஒரு படம் சேர்த்தாலும், காப்பு நகலுக்கு 50 ஜிபி பெட்டியை மறுபடி முழுசாக எடுக்க வேண்டும். எழுதும்போது கார்டு உருவப்பட்டால் மொத்தப் பெட்டியும் ஆட்டம் காணும். தனித்தனி முறையில் போவது பெரும்பாலும் ஓரிரு படம்தான்.

கே: என்கிரிப்ஷன் முறையான ஏஇஎஸ்ஸில் சாவி நீளம் 128 பிட்டா, 256 பிட்டா?

இரண்டும் போதும். பாஸ்வேர்டு 1234 என்றால் இரண்டும் போதாது.

கே: பாஸ்வேர்டு போட்ட ஜிப் ஃபைல் போதாதா?

ஜிப்பின் பழைய பூட்டு முறையான ஜிப்கிரிப்டோ என்றால் போதாது. உள்ளே இருக்கும் ஒரு ஃபைலில் 12 பைட் தெரிந்தாலே உடைக்க வழி உண்டு, படங்களின் தொடக்க பைட்டுகளோ ஊரறிந்தவை. செவன்-ஜிப்பில் 7இசட் வடிவம், ஏஇஎஸ்-256, கூடவே ‘ஃபைல் பெயர்களையும் என்கிரிப்ட் செய்’ என்பதையும் டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் படம் பூட்டியிருக்கும், பெயர் பல்லிளிக்கும். அளவு குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஜேபெக் ஏற்கெனவே சுருங்கியதுதான்.

கே: என் கார்டு ஓப்பன் ஆகவில்லை. உடனே பதில் தேவை.

எந்தப் போன், எந்தச் செயலி, திரையில் என்ன வாசகம்? எழுதுங்கள். அதுவரை ‘ஃபார்மேட் செய்யவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கே: பூட்டிய பிறகு அசல் படங்களை அழித்துவிட்டேன். நண்பர் போட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டி எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினார்!

எடுப்பார். அழிப்பது இடத்தைக் காலி என்று குறிப்பது மட்டுமே. ஆண்ட்ராய்டு 11 முதல், நீக்கிய படம் 30 நாள் குப்பைத் தொட்டியிலும் கிடக்கலாம். கேலரி காட்டும் சிறுபடங்கள் (தம்ப்நெயில்) தனி ஃபோல்டரில் தங்கும். கிளவுடுக்குத் தானாக ஏறிய பிரதிகளையும் பாருங்கள். வால்ட்டை வெளியே நகலெடுத்து, கார்டை ஃபார்மேட் செய்து, ஒருமுறை விளிம்புவரை வேண்டாத ஃபைல்களால் நிரப்பி அழியுங்கள். அப்போதும் கார்டு தனக்கென ஒதுக்கிய பகுதியில் துணுக்குகள் மிஞ்சலாம். ரகசியம் பெரிது என்றால் புதுக் கார்டு வாங்கி, முதல் படத்திலிருந்தே பூட்டி வையுங்கள்.

கே: 6 ஜிபி வீடியோ கார்டில் ஏற மறுக்கிறது. என்கிரிப்ஷன் கோளாறா?

இல்லை, கார்டின் ஃபார்மேட் வடிவமான ஃபேட்32-இல் ஒரு ஃபைலுக்கு உள்ள 4 ஜிபி வரம்பு. 32 ஜிபி வரையிலான கார்டுகள் பொதுவாக அந்த வடிவத்தில்தான் வரும். எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்யுங்கள். எல்லாம் அழியும், எனவே முதலில்... தெரியும்தானே.

கே: பழைய சிம்பியன் நோக்கியாவில் கார்டுக்குப் பாஸ்வேர்டு போட்டேன், மறந்துவிட்டது.

அது என்கிரிப்ஷனே அல்ல. 16 பைட் வரை பாஸ்வேர்டு வைத்துக்கொண்டு கார்டே கதவைத் திறக்க மறுக்கும் ஏற்பாடு. அந்தப் போன் உயிரோடு இருந்தால், அதன் நினைவகத்தில் எம்எம்சிஸ்டோர் என்ற ஃபைலில் பாஸ்வேர்டு பதிந்திருக்கும். போன் இல்லை என்றால் கட்டாய அழிப்புதான். பூட்டும் போகும், படமும் போகும்.