ரோயிங் மெஷின் தடதடக்கிறதா?

கேள்வி: வீட்டு ரோயிங் மெஷினில் (துடுப்பு வலிப்பதுபோல உடற்பயிற்சி செய்யும் கருவி) இருக்கை நகரும்போது தடதடக்கிறது, கைப்பிடியும் முழுதாக உள்ளே போவதில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் இருக்கை ஓடும் தண்டைத் துடையுங்கள். வியர்வையும் தூசியும் கறுப்பாகப் படிந்து உருளைகளிலும் ஒட்டிக்கொள்வதுதான் பெரும்பாலும் காரணம். பயிற்சி முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்தாலே போதும், அங்கே எண்ணெய் மட்டும் போடாதீர்கள், தூசியை இன்னும் இழுக்கும். துடைத்தும் சரியாகவில்லையா, உருளை தேய்ந்திருக்கலாம்.

கைப்பிடி விஷயம் வேறு. அதை உள்ளே இழுக்கும் எலாஸ்டிக் கயிறு பல மெஷின்களில் நாளாக ஆகத் தளர்ந்துவிடும், கையேட்டைப் பார்த்துக் கொஞ்சமாக இறுக்குங்கள், மிஞ்சினால் கயிறே கெட்டுவிடும். அப்புறம், சங்கிலி உள்ள மெஷின் என்றால் சுமார் 50 மணி நேர உபயோகத்துக்கு ஒரு முறை துணியில் எண்ணெய் தொட்டு சங்கிலி முழுக்கத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள்.