படகு கட்டும் நங்கூரச் சங்கிலியை எவர்சில்வரில் போட்டால் துருப்பிடிக்காமல் பல வருடம் உழைக்குமா?

ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சங்கிலி வருடா வருடம் துருவேறிப் போகிறது, ஷாக்கிளை (சங்கிலியை இணைக்கும், ஆணி போட்ட யு வடிவக் கொக்கி) மட்டுமாவது எஸ்எஸ்ஸில், அதாவது எவர்சில்வரில், மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாக ஃபைபர் படகு வாங்கி, முதல் வாடைக்காற்றைப் பார்க்கப் போகிறவர் என்று நினைக்கிறேன். மாற்றாதீர்கள். அதிலும் ஷாக்கிளை மட்டும் மாற்றவே மாற்றாதீர்கள். இதை நான் படித்துவிட்டுச் சொல்லவில்லை, படகைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுச் சொல்கிறேன்.

எங்களுக்குப் பாம்பன். டிப்ளமா மெக்கானிக்கல் முடித்த கையோடு அப்பாவின் படகைப் பார்த்துக்கொள்ள வந்தவன் நான். வடக்குக் கடலில் நங்கூரமாகச் சிமெண்ட் கட்டை இறக்கி, 10 எம்எம் ஜிஐ சங்கிலியில் படகைக் கட்டியிருந்தோம். ஷாக்கிள் துருப்பிடித்து ஆணி கழலவில்லை என்பதற்காக, கடையில் ‘மெரைன் கிரேடு’ என்று சொன்ன எஸ்எஸ் ஷாக்கிளை நான்தான் வாங்கி மாட்டினேன். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் படித்தவன் என்று நம்பினார்.

ஒன்றரை வருடம் ஓடியது. ஐப்பசி கடைசியில், படகைத் தெற்குக் கடலுக்கு மாற்ற வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தபோதே வாடை முந்திக்கொண்டது. விடியற்காலையில் போய்ப் பார்த்தால் எங்கள் படகு கரைப் பாறையில் பக்கவாட்டில் கிடக்கிறது. அடிப்பக்கம் ஃபைபர் கிழிந்து, இன்ஜின் உப்புத் தண்ணீர் குடித்திருந்தது.

காற்று தணிந்ததும் சங்கு குளிக்கும் மாமா ஒருவர் இறங்கி, கட்டையோடு இருந்த மிச்சச் சங்கிலியை எடுத்து வந்தார். ஷாக்கிள் அதன் நுனியில் அப்படியே இருந்தது. பாசியைத் துடைத்தால் புதுசு மாதிரி மின்னியது. அதோடு சேர்ந்திருந்த வளையம்தான் அறுந்திருந்தது. 10 எம்எம் கம்பி, ஷாக்கிள் உரசிய இடத்தில் சாக்கு ஊசி கனத்துக்கு இளைத்து, முனை கூராக நின்றது. அடுத்த வளையம் பாதி. அதற்கடுத்தது கொஞ்சம். நான்காவது வளையத்தில் துத்தநாகப் பூச்சே போகவில்லை. அப்பா ஒவ்வொரு வளையமாகக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாரே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

இதன் காரணம் எனக்குப் பாடத்திலேயே இருந்ததுதான். வேறு வேறு உலோகங்கள் இரண்டு உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டு இருந்தால் அது பேட்டரி. எஸ்எஸ் பிழைத்துக்கொள்ளும், பக்கத்தில் இருக்கும் துத்தநாகம் முதலில் கரையும், அது தீர்ந்ததும் இரும்பு கரையும். அதோடு படகு ஆட ஆட உரசல் வேறு. துரு ஏறும், உரசல் அதைச் சுரண்டும், புது இரும்பு வெளியே வரும், மறுபடி துரு. இரண்டும் சேர்ந்தால் கணக்கே வேறு.

இதைப் படித்துவிட்டு இன்ஜினியர்கள் யாராவது 316 என்ன, டூப்ளெக்ஸ் என்ன என்று உயர்ந்த எஸ்எஸ் ரகங்களைச் சொல்லிக்கொண்டு வருவீர்கள். சரி, தெரியும். ஆனால் எஸ்எஸ்ஸைக் காப்பாற்றுகிற மெல்லிய படலம் நிலைக்க ஆக்சிஜன் வேண்டும். சேற்றில் புதைந்தும் சிப்பி மூடியும் கிடக்கிற இடத்தில் அது கிடைக்காது, அங்கே குழிகுழியாக அரிக்கும். வெளியே பார்த்தால் தெரியவும் தெரியாது. ஜிஐ அப்படி ஏமாற்றாது, இளைப்பது கண்ணுக்குத் தெரியும்.

இப்போது நாங்கள் போட்டிருப்பதைச் சொல்கிறேன். அடியில் கிடக்கும் சங்கிலி 16 எம்எம். ஷாக்கிள் அதைவிட ஒரு சைஸ் பெரியது, அதுவும் ஜிஐ. ஆணி கழலாமல் இருக்க ஜிஐ கம்பியால்தான் கட்ட வேண்டும், செம்புக் கம்பி கூடவே கூடாது. வாங்கும்போது ‘ஹாட் டிப்’ என்று கேளுங்கள். உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது மங்கலான சாம்பல் நிறத்தில், தொட்டால் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். 6 எம்எம்முக்கு மேல் கனமான இரும்பில் அந்தப் பூச்சு சராசரி 85 மைக்ரான் இருக்க வேண்டும் என்பது தர அளவு. வழவழவென்று பளபளப்பாக இருப்பது மின்முலாம், பூச்சு அதில் சிறு பங்குதான். கடலுக்கு ஆகாது.

சங்கிலி முழுவதும் ஒரே மாதிரி தேயாது. அலைக்கு ஏற்பத் தரையைத் தொட்டும் தூக்கியும் மணலை அரைத்துக்கொண்டே இருக்கிற சில அடி நீளம்தான் முதலில் போகும். வெர்னியர் அளவுகோல் வைத்து வளையமும் வளையமும் தொடும் உள்வளைவில் அளந்து பாருங்கள். 16 எம்எம் 12 ஆகிவிட்டால் கால்வாசிதானே போயிருக்கிறது என்று தோன்றும். குறுக்குவெட்டில் பார்த்தால் மிச்சம் 56 சதவீதம்தான். நாங்கள் அதுவரை விடுவதில்லை, 13 வந்தாலே மாற்றிவிடுகிறோம். பங்குனியில் கடல் அடங்கிக் கிடக்கும்போது ஒரு முறை, வாடைக்கு முன் புரட்டாசியில் ஒரு முறை மாமா இறங்குகிறார்.

கட்டை விஷயத்தில் எல்லோரும் ஏமாறுகிறார்கள். கரையில் 1 டன் எடையுள்ள சிமெண்ட் கட்டை தண்ணீருக்குள் 600 கிலோகூடத் தேறாது. உள்ளே கம்பி கட்டினால் எம்30 தரக் கான்கிரீட் கலவை போட்டு, கம்பியை மூடி 75 எம்எம் கான்கிரீட் விடுங்கள். இல்லையென்றால் உப்பு உள்ளே போய்க் கம்பி ஊதிக் கட்டையே பிளக்கும்.

மேலே படகோடு சேரும் பகுதிக்கு நைலான் கயிறு. நனைந்தால் பலம் பத்து பதினைந்து சதவீதம் குறையும் என்றாலும், இழுத்துக் கொடுத்து அலையின் வெட்டை வாங்கிக்கொள்ளும். பச்சை, நீல பாலிப்ரொப்பிலீன் மலிவுதான், ஆனால் வெயிலில் நொறுங்கும், மிதந்து பக்கத்துப் படகின் இன்ஜின் காற்றாடியில் (ப்ரொப்பெல்லர்) சிக்கும். கயிறு விளிம்பில் உரசும் இடத்தில் ஹோஸ் குழாய் மாட்டுங்கள், இறுக்கமாக வேண்டாம். இழுபடும் நைலான் உள்ளுக்குள் சூடாகும், தண்ணீர் புகுந்து வரணும்.

இதெல்லாம் செலவுதான். படகு உடைந்த வருடம் ஒரு வங்கிக்குப் போனேன், பெயர் வேண்டாம். படகை அடமானமாக எடுக்க மாட்டோம், நகை இருக்கிறதா என்றார்கள். எங்கள் குடும்பத்தையே சுமக்கிற பொருள் அவர்கள் கணக்கில் பொருளே இல்லை. கடைசியில் அம்மாவின் சங்கிலி போய்த்தான் படகுக்குச் சங்கிலி வந்தது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனால் இதை எழுதும்போது அதுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

நான் சொன்ன அளவுகள் எங்கள் கடலுக்கும் எங்கள் படகுக்கும். நீங்கள் கழிமுகத்தில் கட்டுகிறவர் என்றால் அப்படியே எடுக்காதீர்கள். படகின் நீளம், வற்றத்திலும் ஏற்றத்திலும் தண்ணீர் எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழம், அடியில் சேறா மணலா பாறையா என்று கீழே எழுதுங்கள், மாமாவிடம் கேட்டுச் சொல்கிறேன். அதுவரை அந்த எஸ்எஸ் ஷாக்கிளை மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள்.