கேரமல் புட்டிங்கில் ஓட்டை விழுவது ஏன்? சூ வீட் கருவியில் கஸ்டர்ட் செய்யும் முறை

கேள்வி: இட்லிப் பானையில் கேரமல் புட்டிங் வைத்தால் ஓரமெல்லாம் ஓட்டை விழுந்து, தண்ணீரும் விட்டுவிடுகிறது. அண்மையில் சூ வீட் ஸ்டிக் (பாத்திரத்து நீரை நாம் வைக்கும் வெப்பநிலையிலேயே நிறுத்தும் கருவி) வாங்கியிருக்கிறோம். அதில் செய்தால் சரியாக வருமா? பையிலுள்ள காற்றை உறிஞ்சி மூடும் வாக்யூம் மெஷினும் வாங்க வேண்டுமா? முட்டை சாப்பிடாதவர்களுக்காகக் கஸ்டர்ட் பவுடரை அதிலேயே காய்ச்சலாமா?

பதில்: புட்டிங் நன்றாகவே வரும். பாலும் சர்க்கரையும் கலந்த முட்டை ஏறத்தாழ 78 முதல் 82 டிகிரி செல்சியஸுக்குள் உறைகிறது; 85 டிகிரியைத் தாண்டினால் முட்டையின் புரதம் இறுகி, தான் பிடித்து வைத்திருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடுகிறது. இட்லிப் பானையின் ஆவியோ கிட்டத்தட்ட 100 டிகிரியில் இருப்பதால், கிண்ணத்தின் நடுப்பகுதி உறைவதற்குள் ஓரம் இந்த எல்லையைக் கடந்துவிடுகிறது. நீங்கள் சொல்லும் ஓட்டையும் தண்ணீரும் அப்படி வந்தவையே. 82 டிகிரியில் நிற்கும் நீருக்குள் வைத்த புட்டிங்கோ எந்த இடத்திலும் அதற்கு மேல் சூடாக வழியில்லை. எடுக்கப் பத்து நிமிடம் தாமதமானாலும் கெட்டுப்போவதில்லை. (ஓட்டை ஓட்டையாக, அவற்றில் பாகு ஊறி இருந்தால்தான் அது வட்டிலப்பம் (முட்டையும் தேங்காய்ப் பாலும் சேர்த்து ஆவியில் வேகவைக்கும் புட்டிங்) என்று சொல்பவர்கள் இலங்கையில் உண்டு, அவர்கள் ஆவியை விட்டுவிட வேண்டியதில்லை.)

வெள்ளைக் கரு இல்லாமல் மஞ்சள் கருவும் கிரீமும் சேரும் பிரெஞ்சுக் கஸ்டர்டான கிரெம் புரூலேக்கு 80 டிகிரி போதும். கேரமல் புட்டிங்கில் வெள்ளைக் கருவும் சேர்வதால் 82 டிகிரி வையுங்கள். கண்டன்ஸ்டு மில்க் சேர்ப்பதானால் 83 வைக்கலாம், ஏனெனில் சர்க்கரை கூடக்கூட உறையும் வெப்பநிலையும் ஏறுகிறது. ஜாடிக்கு ஏறத்தாழ 120 மில்லி கலவை வீதம் ஆறு கண்ணாடி ஜாடிகளுக்கு அரை லிட்டர் பால், மூன்று முழு முட்டை, இரண்டு மஞ்சள் கரு, 80 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவை சரியாக இருக்கும். நேரம் ஒரு மணி.

முட்டையை நுரை வர அடிக்காமல், கரண்டியால் கலக்கி, வெதுவெதுப்பான பாலை ஊற்றி, மெல்லிய வடிகட்டியில் வடித்து இருபது நிமிடம் அப்படியே விடுங்கள். மேலே மிதக்கும் நுரையைக் கரண்டியால் வழித்துவிட வேண்டும், ஏனெனில் இங்கே கொதிப்பே இல்லாததால் ஜாடிக்குள் போன காற்றுக்குமிழி உடையாமல் அப்படியே உறைந்து நிற்கும்.

பெரும்பாலும் தவறு நடப்பது ஜாடியில்தான். கேரமலைக் குளிர்ந்த கண்ணாடியில் ஊற்றினால் விரிசல் விடும் என்பதால், ஜாடிகளை வெந்நீரில் வைத்துச் சூடேற்றி, ஈரம் போகத் துடைத்த பிறகே ஊற்றுங்கள். கேரமல் இறுகிய பின் முட்டைப் பாலை விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழ்வரை நிரப்புங்கள். குறைவாக நிரப்பிய ஜாடி மிதக்கும். மூடியை விரல் நுனிகளால் மட்டும் திருகி, இறுகத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். முழுப் பலத்தோடு இறுக்கினால் உள்ளே விரிவடையும் காற்று வெளியேற முடியாமல் கண்ணாடி உடையக்கூடும். மிகத் தளர்வாக விட்டால் தண்ணீர் உள்ளே புகும். நீரில் இறக்கியதும் மூடியோரத்திலிருந்து சிறு குமிழிகள் வரிசையாக மேலேறினால், சரியாக மூடியிருக்கிறீர்கள் என்று பொருள். பாத்திரத்தின் அடியில் ஒரு துணியை விரித்து, ஜாடிகளை அதன்மேல் நிறுத்துங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஜாடியை நேராக 82 டிகிரி நீரில் இறக்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் நீர் ஆவியாகிக் குறையும் என்பதால் பாத்திரத்தின் வாயை ஃபாயிலால் மூடி, நீர்மட்டம் ஸ்டிக்கில் உள்ள குறைந்தபட்சக் கோட்டுக்கு மேலே இருக்கிறதா என்று இடையில் ஒருமுறை பாருங்கள்.

வாக்யூம் மெஷின் வேண்டாம். ஊற்றிப் பரிமாறும் கஸ்டர்ட் சாஸ் செய்வதற்குக்கூட, ஜிப் பையில் கலவையை ஊற்றி, வாய்ப்பகுதி மட்டும் வெளியே தெரியும்படி நீரில் மெல்ல இறக்கினால் நீரே காற்றை வெளித்தள்ளிவிடும். பிறகு பையை மூடி, 82 டிகிரியில் அரை மணி வைத்து, இடையில் இரண்டு முறை பையைப் பிசைந்து, கடைசியில் மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் போதும்.

கஸ்டர்ட் பவுடருக்கு இந்தக் கருவி பொருந்தாது. 1837-இல் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட், முட்டை ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக உருவாக்கிய அந்தப் பவுடர் அடிப்படையில் சோள மாவு. அது முழுதாகக் கெட்டிப்பட ஏறத்தாழக் கொதிநிலை வேண்டும், கிளறிக்கொண்டும் இருக்க வேண்டும். அதை அடுப்பிலேயே காய்ச்சுங்கள்.

நேரம் முடிந்ததும் ஒரு ஜாடியைத் துணியால் பிடித்து லேசாக அசைத்தால், நடுப்பகுதி கெட்டித் தயிரைப் போல அசைய வேண்டும், திரவமாக அலையக் கூடாது. பிறகு பத்து நிமிடம் வெளியே ஆறவிட்டு, குளிர்ந்த நீரிலும் அடுத்து ஐஸ் நீரிலும் வைத்து, நான்கு மணி நேரமாவது ஃபிரிட்ஜில் விடுங்கள். மூடி உள்வாங்கி இறுகியிருப்பதைப் பார்த்து ஊறுகாய்போல வெளியில் வைத்துவிடாதீர்கள். 82 டிகிரி எல்லா நுண்ணுயிர் வித்துகளையும் அழித்துவிடாது என்பதால், ஃபிரிட்ஜிலேயே வைத்து நான்கு நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். தட்டில் கவிழ்க்க விரும்பினால் கழுத்து குறுகாத ஜாடியாகத் தேர்ந்தெடுத்து, ஓரத்தில் மெல்லிய கத்தியை ஒருமுறை சுற்றி ஓட்டி, அடிப்பகுதியை வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் வைத்துக் கவிழுங்கள்.