இயற்பியல், வேதியியல், நிலவியல் ஆராய்ச்சி எல்லாம் காகிதத்தோடு முடிந்துவிடுகிறது என்கிறார்களே, எம்.எஸ்சி.க்குப் பிறகு ஆராய்ச்சிக்குப் போவது வீணா?

நீங்கள் கடைசி செமஸ்டரில் இருப்பீர்கள், வீட்டில் "இன்னும் எத்தினி வருஷம் படிப்பே?" என்று ஆரம்பித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான் நடந்தது. அதனால்தான் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

வீண் இல்லை. ஆனால் காகிதத்தோடு முடிகிறது என்று சொல்பவர்கள் பொய்யும் சொல்லவில்லை. நான் வேலை பார்த்த ஆய்வு ஒன்றே ஒரு குடும்பத்துக்குப் பயன்படாமல் போனது.

நான் திருவொற்றியூர்க்காரி. தாத்தா கடலுக்குப் போனவர். கரையில் கொட்டியிருக்கும் கருங்கல்லுக்கு அந்தப் பக்கம், தண்ணீருக்கு நடுவே கையை நீட்டி, "அங்கதான் நம்ம வூடு இருந்தது" என்பார். சின்ன வயதில் அது கதை என்றே நினைத்திருந்தேன். கல்லூரி இரண்டாம் வருடம் ஒரு பேராசிரியர் கரும்பலகையில் ஒரே ஒரு கோடு போட்டார். நம் கிழக்குக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். 1870களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். வடக்கே வர வேண்டிய மணல் சுவருக்குத் தெற்கே தேங்கியது. இன்றைக்கு எல்லோரும் சுண்டல் சாப்பிடும் மெரினாவின் அகலம் அப்படி வந்ததுதான். சுவருக்கு வடக்கே, ராயபுரத்திலிருந்து எங்கள் ஊர் வரைக்கும், அலை அரிப்பது நிற்கவில்லை, மணல் வருவது மட்டும் நின்றுவிட்டது. தாத்தா கை நீட்டிய இடத்துக்குக் காரணம் அந்த ஒரு கோட்டில் இருந்தது. யாரோ பல வருடம் மணலையும் அலையையும் அளந்து வைத்ததால்தான் அந்தக் கோட்டைப் போட முடிந்தது. ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

படித்து முடித்ததும் நிலத்தடி நீர் ஆய்வு ஒன்றில் திட்ட உதவியாளராகச் சேர்ந்தேன். இடம் மீஞ்சூர் பக்கம், ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொண்டு வந்து சேர்த்த மணல் பூமி. 1960களில் ஐ.நா. உதவியோடு நடந்த ஆய்வு, இந்த மண்ணுக்கு அடியில் நல்ல நீர் வளம் இருப்பதைக் காட்டியது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் எனக் கிணறுகள் வரிசையாக இறங்கின. நகரத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் தண்ணீர் போனது. விவசாயத்துக்கும் இறைத்தார்கள். இறைக்க இறைக்க நீர்மட்டம் கடல்மட்டத்துக்கும் கீழே இறங்கி, கடல் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. ஆராய்ச்சி நடந்ததால்தான் இவ்வளவு இறைத்தார்கள் என்று ஒருவர் சண்டைக்கு வரலாம். எங்கே எவ்வளவு இருக்கிறது என்று சொல்வது ஆய்வு. எவ்வளவு எடுக்கலாம் என்று சொன்னதைக் கேட்காமல் விடுவது வேறு விஷயம்.

மாதம் ஒரு தடவை 32 கிணறுகள். நாடாவை இறக்கி நீர்மட்டம் பார்க்க வேண்டும். மீட்டரை நனைத்து ஈ.சி. பார்க்க வேண்டும். தண்ணீரில் உப்பு ஏற ஏற மின்சாரம் சுலபமாக ஓடும், அதை மைக்ரோசீமன்ஸ் கணக்கில் காட்டும் கருவி அது. கடல்நீர் என்றால் ஐம்பதாயிரத்தைத் தொடும். அப்புறம் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிடித்துக்கொண்டு வர வேண்டும்.

ஆய்வகத்தில் குளோரைடு, அதாவது உப்பில் இருக்கும் ஒரு பகுதி, எவ்வளவு என்று பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை. மாதிரித் தண்ணீரில் பொட்டாசியம் குரோமேட் இரண்டு சொட்டு விட்டால் எலுமிச்சை மஞ்சளாகும். மேலே பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒவ்வொரு சொட்டுக்கும் வெள்ளையாக ஒரு மேகம் கிளம்பும். சொட்டு விழுந்த இடத்தில் செங்கல் நிறம் தோன்றும், குடுவையைச் சுழற்றினால் கரைந்துபோகும். எந்தச் சொட்டுக்குப் பிறகு அந்தச் செங்கல் சாயல் போகாமல் நிற்கிறதோ அங்கே நிறுத்த வேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் கணக்குத் தப்பு. சில்வர் நைட்ரேட் பட்ட விரல் மறுநாள் கறுத்துவிடும், ஒரு வாரத்துக்குப் போகாது. "கல்யாணத்துக்குப் பாக்கற நேரத்துல கை இன்னாடி இப்டி கீது" என்று அம்மா தேங்காய் நாரால் தேய்த்துவிடுவாள்.

அந்த 32இல் ஒன்று ஓர் ஆயாவின் கிணறு. உறை போட்ட பழைய கிணறு, பக்கத்தில் முருங்கை மரம். ஒவ்வொரு மாதமும் மோர் கொடுத்துவிட்டு, "நம்ம தண்ணி நல்லா கீதா கண்ணு?" என்று கேட்பார். முதல் மாதம் ஈ.சி. 1,900. இரண்டாம் வருடம் முடிவதற்குள் 3,400. குளோரைடும் கூடவே ஏறியது. குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1,000 வரை என்பது நம் நாட்டுத் தர அளவு. ஆயாவின் கிணறு அந்த ஆயிரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் ஒவ்வொரு மாதமும் "பரவால்ல ஆயா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏனென்றால், கட்டுரை வெளிவரும் வரை கிணற்றுக்காரர்களிடம் எண்ணைச் சொல்லக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். உடனே அப்படிச் சொன்ன ஆய்வு வழிகாட்டியைத் திட்டிக் கமென்ட் போடாதீர்கள். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. சரிபார்க்காத எண் ஊருக்குள் போனால் பீதி கிளம்பும், நிலத்தின் விலை விழும், அடுத்த மாதம் யாரும் கிணற்றைத் திறந்துவிட மாட்டார்கள். இதெல்லாம் உண்மை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டது நான். அதை வேறு யார் தலையிலும் வைக்க மாட்டேன்.

மூன்றாம் வருடம் சித்திரையில் போனபோது முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் நீலக் குழாய் ஒன்று நின்றிருந்தது. மேல் தண்ணீர் கரிக்கிறது, ஆழத்தில் நல்ல தண்ணீர் இருக்கும் என்று யாரோ சொல்ல, ஆயாவின் மகன் வட்டிக்கு வாங்கி போர் போட்டிருக்கிறார். மீட்டரை வைத்தேன். 7,800. ஆயா கேட்கவில்லை. அன்றைக்கும் மோர் கொடுத்தார்.

அந்த இடத்தில் ஆழமாகப் போகக்கூடாது என்பது எனக்கு முன்பே தெரியும். நன்னீர் ஒரு கனமீட்டர் ஆயிரம் கிலோ என்றால் கடல்நீர் சுமார் 1,025 கிலோ. அந்த 25 கிலோதான் விஷயமே. கனமான கடல்நீர் அடியில் இருக்கும், நன்னீர் அதன்மேல் மிதக்கும். கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் நாற்பது மீட்டருக்கு நன்னீர் இருக்கும். மேலே ஒரு மீட்டர் குறைந்தால் அடியிலிருந்து உப்பு நாற்பது மீட்டர் ஏறிவிடும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நெதர்லாந்தில் கீபனும் 1901இல் ஜெர்மனியில் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியாகக் கண்டு சொன்ன கணக்கு இது. அவ்வளவு பழைய கணக்கு என் நோட்டில் முதல் பக்கத்தில் இருந்தது. ஆயாவின் வீட்டுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். மழை நாட்களில் கும்மிடிப்பூண்டி லோக்கல் தாமதமானால் தம்பியின் ஸ்கூட்டரில்தான் போவேன். காலுக்கு நடுவே ஐஸ் பெட்டி, உள்ளே முப்பது பாட்டில். திரும்பும்போது துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் சாலை முழுக்க நிற்கும். இரண்டு லாரிக்கு நடுவே ஒரு ஸ்கூட்டர் அளவு இடம், அதற்குள் புகை, தூசி, ஹாரன். அந்தச் சாலையில் போய் வீடு திரும்பாதவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். பைகார்பனேட் அன்றைக்கே பார்த்தாக வேண்டிய மாதிரி, மூன்று மணி நேரம் சாலையில் நின்று கெட்டுப்போயிருக்கிறது. அப்புறம் ஒரு நேர்காணலில் ஒருவர் என் விண்ணப்பத்தைப் பார்த்து, "வட சென்னையா? அந்தப் பக்கம் ஆளுங்க படிக்கிறாங்களா?" என்று கேட்டார். நகரத்துக்குத் தண்ணீர், மின்சாரம், பெட்ரோல், மீன் எல்லாம் எங்கள் பக்கத்திலிருந்து போகிறது. சாம்பலும் எண்ணெயும் எங்கள் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வருகிறது. படிக்கிறோமா என்று எங்களைக் கேட்கிறார்கள். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை, பரவாயில்லை. அந்தக் கேள்வி மட்டும் இன்னும் எரிகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முனைவர் பட்டத்துக்கு வேறு வழிகாட்டியிடம் போனபோது முதல் நாளே கேட்டேன்: கிணற்று எண்களைக் கிணற்றுக்காரர்களுக்கே கொடுக்கலாமா? இரண்டு முறை சரிபார்த்த பிறகு கொடுக்கலாம் என்றார். ஒரு பக்கத் தாளில் தமிழில் எழுதுகிறோம். உங்கள் கிணற்றின் உப்பு இவ்வளவு, போன வருடம் இவ்வளவு, போர் போடுவதாக இருந்தால் முதலில் எங்களைக் கேளுங்கள், கீழே போன் நம்பர். இதற்கு எந்த இதழிலும் மதிப்பெண் கிடையாது. போன வருடம் நான்கு பேர் போன் செய்தார்கள். இரண்டு பேர் போர் போடும் எண்ணத்தை விட்டுவிட்டார்கள். இரண்டு பேர்தானா என்று கேட்காதீர்கள், அது இரண்டு குடும்பத்தின் கடன்.

ஆயாவின் வீட்டுக்கும் போகிறேன். பழைய கிணறு மாடு கழுவத்தான் இப்போது, குடிக்க கேன் தண்ணீர் வாங்குகிறார்கள். உள் சுவரில் பால் கணக்கு எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் பேரன் ஒவ்வொரு மாத எண்ணையும் கரியால் எழுதி வைக்கிறான். போன ஐப்பசியில் நல்ல மழை, எண் கொஞ்சம் இறங்கியது. அவனே மீட்டரை வாங்கி நனைத்துப் பார்த்துவிட்டு, "ஆயா, எறங்கிருச்சு" என்று கத்தினான்.

அதனால் நீங்கள் போங்கள். உதவித்தொகை சில மாதம் தாமதமாக வரும், அதற்கு முன்கூட்டியே வீட்டில் சொல்லி வையுங்கள். சேரும் இடத்தில் தலைப்பு என்ன என்று கேட்பதற்கு முன்னால், எடுத்த அளவுகளைச் சம்பந்தப்பட்டவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். நீங்கள் எந்தத் துறை, எந்த ஊர் என்று கீழே எழுதினால், எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.