கிளிக்குஞ்சு, கூகைப் பெட்டி, குரங்குத் தொல்லை: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை பேரா மாநிலத்தின் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவை. பாதிக்கு மேல் கிளிகளைப் பற்றியே கேட்டிருப்பதால் அவற்றுக்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

பழைய பால்மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நடுகிறார்கள். சாய்ந்த மரம் ஒன்றின் பொந்தில் இரண்டு கிளிக்குஞ்சுகள் கிடந்தன. என் மகன் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டான். பால்சோறு ஊட்டுகிறோம். வளர்க்கலாமா? – தோட்ட வாசகி

பால்சோற்றை முதலில் நிறுத்துங்கள், அம்மா. பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் சக்தி பறவைகளுக்குக் கிடையாது, வயிற்றுப்போக்கு பிடித்துக்கொள்ளும். சோறு கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையில் தங்கிப் புளித்துவிடும். அந்தப் பை காலையிலும் காலியாகாமல் புடைத்திருந்து, வாயில் புளிப்பு வாடை அடித்தால் குஞ்சு ஆபத்தில் இருக்கிறது.

நம் பக்கத்துத் தோட்டங்களில் பொந்தில் கிடைக்கும் குஞ்சு பெரும்பாலும் மலாய்க்காரர்கள் 'பாயான் நூரி' என்று சொல்லும் நீளவால் கிளியாகத்தான் இருக்கும். வளர்ந்த ஆணுக்குக் கன்னம் சிவந்திருக்கும், தாடையில் கறுப்புப் பட்டை, மேலலகு சிவப்பு. செம்பனைப் பழத்தின் சதையைக் கொறித்துத் தின்னும் பறவை இது. ஆகவே தோட்டத்தில் தீனிக்குக் குறைவில்லை. குஞ்சு பொரிக்கப் பொந்துதான் இல்லை. மறுநடவில் முதலில் வெட்டுப்படுவது காய்ந்து நிற்கும் மரங்கள், பொந்து இருப்பதும் அவற்றில்தான். உலகளவில் அழியும் நிலையை நோக்கிப் போகும் இனங்களின் பட்டியலில் இக்கிளி இருக்கிறது.

வளர்க்கக் கூடாது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி (சட்டம் 716) பாதுகாக்கப்பட்ட காட்டுப் பறவையை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். 2022 திருத்தத்தில் தண்டனைகள் இன்னும் கடுமையாகியுள்ளன. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானை 1-800-88-5151 எண்ணில் அழைத்து, மரம் சாய்ந்ததில் கிடைத்த குஞ்சுகள் என்று உள்ளதைச் சொல்லுங்கள். தானாக முன்வந்து ஒப்படைப்பதுதான் குஞ்சுக்கும் உங்களுக்கும் நல்லது.

அவர்கள் வரும்வரை காற்றோட்டம் உள்ள அட்டைப் பெட்டியில் பருத்தித் துணி விரித்து வையுங்கள். இறகு முளைக்காத குஞ்சுக்கு வெந்நீர் நிரப்பிய போத்தலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வைக்க வேண்டும். சூடு அதிகமானால் குஞ்சு மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும் அல்லவா? குளிர்ந்து கிடக்கும் குஞ்சுக்கு எதையும் ஊட்டாதீர்கள். உடல் சூடாகாமல் தீனிப்பை வேலை செய்யாது. வாயில் தண்ணீர் சொட்டவும் வேண்டாம். மூச்சுக்குழலின் வாய் நாக்கின் அடிப்பகுதியில்தான் இருக்கிறது, சொட்டும் நீர் நேராக நுரையீரலுக்குப் போகும். இரவு முழுக்க ஆள் வரவில்லையென்றால் மட்டும், பறவைக் கடையில் கிடைக்கும் கிளிக்குஞ்சு மாவை வெந்நீரில் நீர்க்கக் கரைத்து, 39 முதல் 40 டிகிரிச் சூட்டில் சிறு கரண்டியால் கொடுங்கள். சூட்டைத் தெர்மோமீட்டர் வைத்துப் பாருங்கள். 43 டிகிரியைத் தாண்டினால் தீனிப்பை வெந்து ஓட்டை விழும்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மரம் சாய்ந்த அன்றே பார்த்துவிட்டால் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். பொந்துள்ள துண்டை மட்டும் அறுத்து, மேல்பக்கம் மழை இறங்காமல் பலகை அடித்து, பக்கத்தில் நிற்கும் மரத்தில் எட்டாத உயரத்தில் நிமிர்த்திக் கட்டுங்கள். குஞ்சுகளை உள்ளே விட்டுவிட்டு ஐம்பது மீட்டர் தள்ளி நின்று இரண்டு மூன்று மணி நேரம் பாருங்கள். தாயும் தந்தையும் அந்த இடத்தைச் சுற்றிக் கத்திக்கொண்டுதான் இருக்கும், குஞ்சின் குரல் கேட்டு வந்து சேர வாய்ப்பு உண்டு. மறுநடவு தொடங்குமுன் நிர்வாகத்திடம் பேசி, ஓரத்தில் காய்ந்து நிற்கும் மரங்களில் சிலவற்றையாவது விட்டுவைக்கச் சொல்லுங்கள். செலவே இல்லாத பாதுகாப்பு இது.

தாத்தா வளர்த்த வளையக்கிளி எங்களிடம் இருக்கிறது. சூரியகாந்தி விதையைத் தவிர எதையும் தொடாது. இப்போது நெஞ்சு இறகைப் பிய்த்துக்கொள்கிறது. தேங்காய் எண்ணெய் தடவலாம் என்கிறார்கள். – பட்டணத்து வாசகர்

எண்ணெய் வேண்டவே வேண்டாம். இறகுகள் ஒட்டிக்கொண்டு உடல் சூட்டைக் காக்க முடியாமல் போகும், கோதும்போது எண்ணெய் வயிற்றுக்குள்ளும் போகும்.

முதலில் தலையைப் பாருங்கள். எந்தக் கிளியும் தன் தலை இறகைத் தானே பிய்க்க முடியாது. தலை நிறைய இறகு இருந்து நெஞ்சு மட்டும் மொட்டையாக இருந்தால் பிய்ப்பது அதுவேதான். தலையிலும் உதிர்ந்திருந்தால் நோயாக இருக்கலாம், அல்லது கூட இருக்கும் பறவையின் வேலையாக இருக்கலாம். பிறகு வாயைத் திறக்கும் நேரம் பார்த்து, டார்ச் அடித்து மேலண்ணத்தை நோக்குங்கள். நடுவில் ஒரு பிளவும், அதன் ஓரங்களில் சீப்புப் பல் போல நுண்ணிய முட்களும் தெரியும். அந்த முட்கள் மழுங்கிப்போயிருந்தாலோ வாயில் வெள்ளைத் திட்டு இருந்தாலோ வைட்டமின் ஏ குறைவு என்று சந்தேகிக்கலாம். விதை மட்டுமே தின்னும் கிளிகளுக்கு இது சகஜம். சூரியகாந்தியில் கொழுப்பு மிகுதி, வைட்டமின் ஏவும் கால்சியமும் குறைவு. தோலும் கல்லீரலும் கெட்டு, அரிப்பு தாங்காமல்தான் பல கிளிகள் பிய்க்கத் தொடங்குகின்றன. பறவை பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுத் தீனியை மாற்றுங்கள்.

ஒரே நாளில் மாற்றினால் கிளி பட்டினி கிடக்கும். புதியதை அது தீனியாகவே எண்ணாது. சமையலறைத் தராசு ஒன்றை வைத்துக்கொண்டு, தினமும் காலையில் தீனி வைக்குமுன் எடை பாருங்கள். வளையக்கிளி ஏறத்தாழ 110 முதல் 140 கிராம் இருக்கும். தொடங்கிய எடையில் 10 கிராம் குறைந்தாலே இரண்டு நாள் பழைய தீனிக்குத் திரும்பிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

விதையை இரவில் எடுத்துவிடுங்கள். காலையில் பசியோடு இருக்கும்போது கேரட், பூசணி, முருங்கைக்கீரை, பப்பாளி, பழுத்த மிளகாய் இவற்றைப் பொடியாக நறுக்கி வையுங்கள். காரம் பறவைகளுக்கு உறைக்காது, கிளிக்கு மிளகாய் இனிய தீனி. முளைகட்டிய பச்சைப்பயறு பெரும்பாலும் முதலில் வெல்லும். எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஒரு நாள் முளைக்கவிட்டு, நன்றாக அலசிப் போடுங்கள். நம் வெயிலுக்கு இரண்டு மணி நேரத்தில் மீந்ததை அள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். விதை மாலையில் மட்டும், வாரா வாரம் கொஞ்சம் குறைத்து. ஆறு வாரத்தில் விதை மொத்தத் தீனியில் கால்பங்குக்கு வந்தால் போதும். வெண்ணெய்ப்பழம் என்கிற அவகாடோ, சாக்லேட், காப்பி, உப்புப் போட்ட முறுக்கு எதுவும் கூடாது. அவகாடோ கொன்றே விடும். ஒட்டாத வாணலியைக் காயவிட்டு மறந்துபோனால் அதன் புகையும் அப்படித்தான். அடுக்களையில் கூண்டை வைக்காதீர்கள்.

தீனி பாதி வேலைதான். காட்டில் ஒரு கிளி பகலின் பெரும்பகுதியைத் தீனி தேடுவதில் கழிக்கிறது. கூண்டில் கிண்ணம் நிரம்பி நிற்க, அதற்குச் செய்ய ஒன்றுமில்லை, அலகு தன் இறகையே தேடுகிறது. பயறைத் தென்னை ஓலையில் மடித்துக் கட்டிக் கொடுங்கள், மூங்கில் துண்டு தொங்கவிடுங்கள். களைக்கொல்லி தெளித்த இடத்துக் கிளை மட்டும் வேண்டாம். காலையில் இருபது நிமிட இளவெயில், அகலத் தட்டில் குளிக்கத் தண்ணீர், இரவில் 10 முதல் 12 மணி நேர இருட்டு. தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் கூண்டு இருந்தால் அந்தத் தூக்கம் கிடைக்காது. துத்தநாகம் பூசிய கம்பிக்கூண்டைக் கடித்துக் கடித்தே நஞ்சேறிய கிளிகளும் உண்டு. பூச்சு உரிந்திருந்தால் கூண்டை மாற்றுங்கள். இறகு திரும்ப முளைக்க மாதங்கள் ஆகும். வேர்க்குழி சேதமாகியிருந்தால் அந்த இடம் மொட்டையாகவே நிற்கும்.

கொஞ்சிக்கொண்டே இருக்கும்போது கிளி திடீரென்று கடிப்பது ஏன்?

திடீரென்று கடிப்பதில்லை, முன்கூட்டியே சொல்கிறது. கண்மணி சுருங்கி விரிந்து சுருங்குவதைப் பாருங்கள். அதோடு பிடரி இறகு சிலிர்த்து, வால் விசிறி போல் விரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். கண்மணி மட்டும் சுருங்கி விரிந்தால் மகிழ்ச்சியாகவும் இருக்கலாம். முதுகையும் இறக்கையின் அடியையும் தடவுவது இனச்சேர்க்கை உணர்வைத் தூண்டும், அதுவும் கடியில் முடியும். தலையையும் கன்னத்தையும் மட்டும் சொறிந்துவிடுங்கள். கடித்ததும் கத்தினாலோ கையை உதறினாலோ அது கிளிக்கு விளையாட்டாகிவிடும். அடிப்பது இன்னும் மோசம். கைக்கு அஞ்சிய கிளி திரும்ப நம்ப வெகுகாலம் ஆகும். சத்தம் போடாமல் கம்பில் ஏற்றி இறக்கிவிட்டு, சில நிமிடம் வேறு பக்கம் பாருங்கள்.

எங்கள் லயத்துக்குப் பின்னால் செம்பனையில் கூகை அலறுகிறது. சாவுக்குறி என்று பெரியவர்கள் விரட்டச் சொல்கிறார்கள், பையன்கள் கல்லெறிகிறார்கள்.

கல்லெறிவதை இன்றே நிறுத்துங்கள். 'புங்குக் ஜெலாப்பாங்' என்று மலாயில் அழைக்கப்படும் இந்த வெள்ளைமுகக் கூகைக்கு அலறல்தான் குரல். ஒருவரையொருவர் அழைப்பதும், குஞ்சுகள் தீனி கேட்பதும் அந்தக் கரகரத்த குரலில்தான். அதற்குச் சாவு தெரியாது, எலி தெரியும். இரவுக்கு ஒன்று முதல் மூன்று எலி பிடிக்கும். குஞ்சு இருக்கும் காலத்தில் இன்னும் அதிகம். மரத்தடியில் கட்டைவிரல் நீளத்தில் கறுத்த உருண்டைகள் கிடக்கும், அது எச்சமல்ல, கக்கியது. நீரில் ஊறவைத்துப் பிரித்தால் மயிருக்குள் முழு மண்டையோடும், எலிக்கே உரிய செம்மஞ்சள் முன்பற்களும் கிடைக்கும். அந்தப் பையன்களுக்குக் காட்டுங்கள்.

கூகை குஞ்சு பொரிக்கப் பெட்டி வைக்க விரும்பினால்: தளம் சுமார் 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், வாசல் 15 செ.மீ. வாசலுக்கு உட்புறம் ஒரு தடுப்புப் பலகை அடிக்க வேண்டும். வெளிச்சம் உள்ளே விழாது, குஞ்சு தவறி விழாது. தளத்தில் நீர் வடியத் துளைகள், மேலே மரச்சீவல். நான்கைந்து மீட்டர் உயரக் கம்பத்தில், வாசலை மறைக்கும் மட்டைகளைக் கழித்துவிட்டு நிறுத்துங்கள். பத்து ஹெக்டேருக்கு ஒன்று நல்ல தொடக்கம். முட்டை நான்கு முதல் ஏழு. அடைகாக்க ஏறத்தாழ 30 நாள், குஞ்சு பறக்க இரண்டு மாதம். அதற்கிடையில் பெட்டியைத் திறக்கக் கூடாது. குஞ்சுகள் போனபின் ஆண்டுக்கொரு முறை சுத்தம் செய்தால் போதும்.

பெட்டி வைத்தும் கூகை நிலைக்காமல் போவதற்குப் பெரிய காரணம் எலிமருந்து. புரோடிஃபாகூம், புரோமாடியோலோன் போன்றவற்றைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும், கூகைக்கு எளிதில் அகப்படும். எலியின் ஈரலில் தங்கிய நஞ்சு கூகையின் ஈரலில் சேர்ந்து, உள்ளே ரத்தம் கசிந்து பறவை சாகும். கூகைப் பெட்டியும் இந்த மருந்துகளும் ஒரே தோட்டத்தில் சேராது. நிர்வாகத்திடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

குரங்குகள் வீட்டுக்குள் நுழைந்து சோற்றுப்பானையைத் தூக்குகின்றன. விஷம் வைக்கலாமா?

கூடாது. சட்டப்படியும் தவறு, நாயும் கோழியும் சேர்ந்து சாகும். வீட்டுக்கு வருவது நீளவால் குரங்கு, 'கெரா'. யாரோ தீனி போடுகிறார்கள், அல்லது குப்பைத்தொட்டி திறந்து கிடக்கிறது. கோயிலில் வாழைப்பழம் கொடுப்பது புண்ணியம் என்று நினைப்பவர்களிடம் நயமாகப் பேசுங்கள். கையால் தின்று பழகிய குரங்குதான் பிறகு பிடுங்கும், பிடுங்கியதும் புகார் போய்ப் பொறி வரும். குப்பைத்தொட்டி மூடியை ரப்பர் கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள், பிளாஸ்டிக் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள். வாயைத் திறந்து முறைத்தால் எச்சரிக்கை. கண்ணைப் பார்க்காமல், ஓடாமல் பின்வாங்குங்கள். கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே கிளினிக்குக்குப் போங்கள்.

குட்டைவால் 'பெரோக்' வேறு. நம் பேராவிலேயே, செகாரி வட்டாரத்தில் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வு, ஒரு பெரோக் கூட்டம் ஆண்டுக்கு 3,000 எலிக்கு மேல் பிடித்துத் தின்னும் என்று கணக்கிட்டது. அவை தின்னும் செம்பனைப் பழம் எலி தின்னுவதோடு பார்த்தால் மிகச் சொற்பம்.

கீழே விழுந்த குஞ்சை மனிதர் தொட்டால் தாய் சேர்க்காதாமே?

சேர்க்கும். வெற்றுடம்புக் குஞ்சைக் கூட்டிலேயே திரும்ப வையுங்கள். இறகு முளைத்துத் தத்திக்கொண்டிருந்தால் அது பறக்கப் பழகுகிறது. பூனைக்கு எட்டாத செடியில் வைத்துவிட்டு விலகுங்கள், தாய் அங்கேயே ஊட்டும்.

இணையத்தில் ஒருவர் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி விற்கிறார். வாங்கலாமா?

ஆவணம் இல்லாமல் வாங்காதீர்கள். 2017 ஜனவரி முதல் இக்கிளி, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. காட்டில் பிடித்ததை நாடுகளுக்கிடையே விற்க முடியாது. காலில் மூடிய வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சின்னக் குஞ்சாக இருக்கும்போது மட்டுமே மாட்ட முடியும், பாதம் பெரிதானபின் நுழையாது. வெட்டி ஒட்டிய தடம் தெரிந்தால் விலகுங்கள். வளைய எண்ணும் அனுமதிப் பத்திரத்து எண்ணும் ஒன்றா என்று பெர்ஹிலித்தானிடம் கேட்டபின் பணம் கொடுங்கள். 40, 50 ஆண்டு வாழும் பறவை என்பதையும் யோசியுங்கள்.

கிளி வளர்த்தால் காய்ச்சல் வருமா?

வரலாம். கிளிக்காய்ச்சல் ஒரு வகைப் பாக்டீரியாவால், காய்ந்த எச்சத்தின் தூசியை மூச்சில் இழுப்பதால் வருகிறது. பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல், கடுந்தலைவலி, வறட்டு இருமல். கூண்டை உலர்வாகப் பெருக்காமல், நீர் தெளித்து நனைத்தபின் முகக்கவரி போட்டுத் துடையுங்கள். காய்ச்சல் வந்தால் வீட்டில் கிளி இருப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரண ஃபுளூ என்றே நினைப்பார்கள். டாக்ஸிசைக்ளின் என்ற மருந்துக்கு நோய் நன்றாகக் கேட்கும். கிளியையும் அதே வாரம் காட்டுங்கள். அதற்கு மருந்து 45 நாள் வரை நீளும், இடையில் தெளிவாகிவிட்டது என்று நிறுத்தினால் நோய் உள்ளே தங்கி மறுபடி பரவும்.